ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கல்லூரியைப் பற்றி எப்படிப் பேசுவது?

கேள்வி:
எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் சனிக்கிழமைதோறும் கணக்குச் சொல்லித் தருகிறேன். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட, "பன்னிரண்டாவது முடிச்சிட்டு கம்பெனி வேலைக்குப் போயிடுவேன் சார்" என்கிறார்கள். கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் 1:
பணத்திலிருந்து தொடங்குங்கள் சார், அதுவும் பெற்றோர் கூட்டத்தில். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத இடம் இருக்கிறது, பொறியியலில் அப்படிச் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது என்பது பல வீடுகளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. கலைக் கல்லூரிக்குப் போனாலும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும்.

பதில் 2:
பணம் சரி. ஆனால் எனக்குப் பயம்தான் பெரிதாக இருந்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பத்தாவது படிக்கும்போது பக்கத்துத் தெரு அக்கா ஒருநாள் தன் கல்லூரிக்குக் கூட்டிப்போய் நூலகம், ஆய்வகம், கேன்டீன் எல்லாம் காட்டினார், அங்கே இருந்தவர்களும் என்னைப் போலத்தான் பேசினார்கள், அன்றைக்கே பாதிப் பயம் போய்விட்டது. அருகிலுள்ள அரசுக் கல்லூரிக்கு ஒருநாள் அழைத்துப் போங்கள். அப்புறம், முதல் பட்டதாரிச் சான்றிதழை இ-சேவை மையத்தில் முன்பே வாங்கிவைக்கச் சொல்லுங்கள், கடைசி நேரத்தில் அலைய வேண்டாம்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. எங்கள் பள்ளியில் படித்து இப்போது கல்லூரியில் இருக்கும் இரண்டு பேரை அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.