ஜெர்மனியில் இரண்டு அட்மிஷன், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்

கொங்குத்தம்பி:
வணக்கம். ஜெர்மனி வந்து பதினெட்டு நாள் ஆகிறது. ஸ்டுட்கார்ட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாஸ்டர்ஸ் சேர்ந்துவிட்டேன். நேற்று பாடர்போர்னிலிருந்தும் அட்மிஷன் மெயில். வெள்ளிக்குள் பதில் கேட்கிறார்கள். இங்கே ரூம் இந்த மாதக் கடைசி வரைதான். தூக்கமே இல்லை. எதை எடுக்கட்டும்? அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

டெல்டாக்காரன்:
தம்பி, அன்மெல்டுங் முடித்துவிட்டீர்களா? வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் முகவரிப் பதிவு நடக்காது. 2019 அக்டோபரில் அந்தத் தாளுக்காக ஆறு வாரம் அலைந்தேன். பெட்டியைப் பிரிக்காமலே மூன்று வீடு மாறினேன். இன்னொரு ஊருக்குப் போய் அதையெல்லாம் மறுபடி படாதீர்கள்.

நெல்லைப்பொண்ணு:
நான் பாடர்போர்ன்தான் சொல்வேன். ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் நமக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம், நான்கு செமஸ்டருக்கு 6,000. பாடர்போர்ன் இருக்கும் மாநிலத்தில் அது கிடையாது, வாடகையும் குறைவு. விசாவுக்காக நாம் முன்பே பணம் போட்டு வைத்த பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். ஸ்டுட்கார்ட் வாடகை அதில் பாதியைத் தின்றுவிடும்.

டெல்டாக்காரன்:
ஸ்டுட்கார்ட்டைச் சுற்றி போஷ், மெர்சிடிஸ் எல்லாம் இருக்கின்றனவே. படித்துக்கொண்டே செய்யும் வெர்க்ஸ்டூடண்ட் வேலை கிடைத்தால் அந்த 1,500 தானாக வந்துவிடும்.

நெல்லைப்பொண்ணு:
ஜெர்மன் பேசாமல் யார் கூப்பிடுகிறார்கள்? எனக்கு எட்டு மாதம் ஆனது.

மதுரைவாசி:
அதை விடுங்கள். எதற்கெடுத்தாலும் தபாலில் கடிதம், ஞாயிற்றுக்கிழமை கடையே கிடையாது. ஊரில் கன்சல்டன்சியில் ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டு எல்லா மாஸ்டர்ஸும் ஒன்றுதான் என்று சொல்லி அனுப்பினார்கள். இன்னும் ஆறவில்லை.

சேலத்து அண்ணன்:
எல்லோரும் ஊரையே பேசுகிறோம். தம்பி, பி.இ. எதில் முடித்தாய்? இரண்டு கடிதத்திலும் 'ஆவுஃப்லாகன்' என்ற சொல் இருக்கிறதா பார். இருந்தால் சில இளங்கலைப் பாடங்களையும் முடித்துக் காட்ட வேண்டும். எனக்கு 18 கிரெடிட் போட்டார்கள். மாஸ்டர்ஸுக்கான 120-இல் அவை சேரவில்லை, படிப்பு ஒரு செமஸ்டர் நீண்டது. அந்த ஆறு மாதச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் அப்பாதான் அனுப்பினார்.

அப்புறம் இரண்டு இடத்தின் மாடுல்ஹாண்ட்புக்கையும் (பாட விவரக் கையேடு) இறக்கி, உனக்குப் பிடித்த பிரிவில் ஆங்கிலத்தில் எத்தனை பாடம் இருக்கிறது என்று எண்ணிப் பார். ஒரு பரீட்சையை எத்தனை முறை எழுத விடுவார்கள் என்றும் பார். பல இடங்களில் மூன்றாவது முறையும் தவறினால் படிப்பே போய்விடும்.

கொங்குத்தம்பி:
பி.இ. ஈ.சி.இ. அண்ணா, சொல்ல விட்டுப்போயிற்று. பாடர்போர்ன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் அந்தச் சொல் இருக்கிறது. தியரி, அல்காரிதம், மொத்தம் 24 கிரெடிட். இங்கே சேர்ந்த கடிதத்தில் இல்லை.

நெல்லைப்பொண்ணு:
24 என்றால் நான் சொன்ன கணக்கு மாறுகிறது தம்பி. ஒரு செமஸ்டர் கூடினால் மிச்சமாகும் 6,000-இல் பெரும்பகுதி அங்கேயே செலவாகிவிடும்.

சேலத்து அண்ணன்:
எதுவானாலும் இங்கே பெயரை நீக்காதே. விசாவில் கல்லூரிப் பெயர் இருக்கிறதா பார், மாறுவதென்றால் ஃபாரினர்ஸ் ஆபீஸுக்கு முதலில் மெயில் போடு. இன்று இரவு அப்பாவிடம் பேசு. ரூமுக்கு, மாணவர் விடுதிகளை நடத்தும் ஸ்டூடண்டன்வெர்க் வரிசையில் பெயர் கொடுத்தாயா?