2015ல அமெரிக்கன் ஃபுட்பால்ல நடந்த காத்து போன பந்து பஞ்சாயத்து: அப்போ அமெரிக்கால இருந்தவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். 2014 நவம்பர்ல தான் மாசசூசெட்ஸ், பாஸ்டன் பக்கம் வந்தேன். ஃபுட்பால்னா கால்ல உதைக்கிறதுன்னு நினைச்சுட்டு இருந்த ஆளு நான், இங்க பாத்தா கையில இடுக்கிட்டு ஓடுறான், நாலு செகண்ட் ஆடுறான் நாப்பது செகண்ட் கூடி நின்னு பேசுறான், என்னடா விளையாட்டு இதுன்னு தான் இருந்துச்சு. ஆனா திங்கக்கிழமை காலைல ஆபீஸ்ல எங்க ஊர் டீம் பேட்ரியாட்ஸ் பத்தி ரெண்டு வார்த்தை பேசலன்னா நம்மள ஒரு ஆளாவே சேத்துக்க மாட்டாங்க. சரின்னு பாக்க ஆரம்பிச்சேன். ஆரம்பிச்ச ரெண்டாவது மாசமே இந்த கூத்து.

2015 ஜனவரி 18, எங்க டீம் ஸ்டேடியம் இருக்குற ஃபாக்ஸ்பரோல ஏஎஃப்சி ஃபைனல் (ஜெயிச்சா அடுத்து சூப்பர் பவுல், அதான் கடைசி ஃபைனல்), நம்மாளுங்க இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ 45-7ன்னு போட்டு பொளந்துட்டாங்க. மறுநாள் ஆபீஸ்ல ஸ்வீட்டு குடுக்காத குறையா இருப்பாங்கன்னு போனா ஒருத்தன் மூஞ்சிலயும் ஈயாடல. பந்துல காத்து கம்மியாம். ரூல் படி காத்தழுத்தம் 12.5ல இருந்து 13.5 பிஎஸ்ஐ இருக்கணும், காத்து கம்மியா இருந்தா பிடிக்க சுலபம், அதனால எங்க டீம்ல பந்து எறியுற குவாட்டர்பேக் டாம் பிரேடி ஆள் வச்சு பாத்ரூமுக்குள்ள காத்த இறக்கிட்டார்னு குற்றச்சாட்டு. அந்த வாரமே ஈஎஸ்பிஎன் ஸ்போர்ட்ஸ் சேனல்ல 12 பந்துல 11 பந்து 2 பிஎஸ்ஐ கம்மின்னு செய்தி வந்துச்சு. அது தப்புன்னு மே மாசம் விசாரணை ரிப்போர்ட் வந்தப்ப தான் ஊருக்கே தெரிஞ்சுது, அதுக்குள்ள நாலு மாசமா திருட்டு பட்டம் கட்டியாச்சு. பேன பெருமாளாக்குறதுன்னு சொல்வாங்கல்ல, அத நேர்ல பாத்தேன்.

இப்ப என் சொந்த கதை. அதே குளிர்ல ஒரு நாள் காலைல வண்டி ஸ்டார்ட் பண்ணா டயர் லைட்டு ஆரஞ்சா எரியுது. பதறிப் போய் பக்கத்து வீட்டுக்காரர கூப்பிட்டேன், அவரு குனிஞ்சு கூட பாக்கல, "குளிருப்பா, கொஞ்ச தூரம் ஓட்டு, தானா அணைஞ்சிடும்"னாரு. அணைஞ்சிடுச்சு. அன்னிக்கு சாயங்காலமே ஒரு பந்து, ஒரு கைப்பம்பு, காத்து அளக்குற கேஜ் ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டேன். ஊசிய எச்சில் தொட்டு உள்ள விட்டு ஹீட்டர் ஓடுற ஹால்ல சரியா 13 வச்சேன், பால்கனி பனில ஒன்றரை மணி நேரம் போட்டுட்டு எடுத்து பாத்தா 11. வீட்ல இருந்து யாரும் பாத்ரூம் பக்கம் கூட போகல. குளிர்ந்தா அழுத்தம் குறையும்னு ப்ளஸ் டூல படிச்ச கேஸ் விதி தாங்க, அன்னிக்கு மார்க்குக்காக மனப்பாடம் பண்ணது அன்னிக்கு தான் புரிஞ்சுது.

அதனால என் கருத்து, இது விசாரணையே இல்ல, தீர்ப்ப எழுதி வச்சிட்டு சாட்சி தேடினது. மத்தவங்க சொல்லுங்க.

*

அண்ணே வணக்கம், நான் எதிர்க்கட்சி, இண்டியானாபொலிஸ்ல இருந்து. அப்போ நான் மாஸ்டர்ஸ் படிச்சிட்டு இருந்தேன்.

45-7ன்னு தோத்துட்டு காத்து கம்மின்னு அழுதீங்கன்னு இன்னும் எங்கள ஓட்டுறாங்க. ஓட்டிக்கோங்க. அந்த சீசனுக்கு "ஏஎஃப்சி ஃபைனலிஸ்ட்"னு ஒரு பேனர் வேற எங்க ஸ்டேடியத்துல தொங்க விட்டாங்க, தோத்ததுக்கு பேனர் கட்டின ஒரே கூட்டம் நாங்க தான், அந்த வெட்கம் எனக்கும் உண்டு.

ஆனா காத்த மட்டும் பேசாதீங்க அண்ணே. ரெஃப்ரி கண்ணுல படாம பந்து மூட்டைய தூக்கிட்டு கிரவுண்டுக்கு போறான் உங்க லாக்கர் ரூம் ஆளு, போற வழில பாத்ரூமுக்குள்ள போய் கதவ சாத்துறான், கேமரா கணக்கு படி 1 நிமிஷம் 40 செகண்ட். ஒண்ணுக்கு போறவன் பந்து மூட்டையோடவா போவான்? அந்த ரெஃப்ரி வால்ட் ஆண்டர்சன், 19 வருஷ சர்வீஸ்ல மேட்ச் ஆரம்பிக்கிற நேரத்துல பந்த காணோம்னு தேடினது அது தான் முதல் தடவையாம். அந்த லாக்கர் ரூம் ஆளு மெசேஜ்ல தன்னையே "டிஃப்லேட்டர்"னு சொல்லிக்கிறான். அதுக்கு உங்க டீம் குடுத்த விளக்கம் என்ன தெரியுமா, அது காத்து இறக்குறது இல்லையாம், உடம்ப இளைக்க வைக்கிறதாம்! எங்க லேப்ல அத படிச்சு காமிச்சப்ப ஒரு பொண்ணு காபிய கீபோர்டுலயே துப்பிட்டா, சத்தியமா.

அப்புறம் பிரேடி போன். விசாரணைக்கு கூப்பிட்ட சமயத்துல பழைய போன உடைக்க சொல்லிட்டார். மடியில கனம் இல்லன்னா வழியில என்ன பயம்?

*

ரெண்டு பேர் சொல்றதும் படிச்சேன். நான் அளவுக் கருவிங்க சரியா காட்டுதான்னு பாக்குற கேலிப்ரேஷன் வேலைல 20 வருஷமா இருக்கேன், எந்த டீமும் கிடையாது, கிரிக்கெட் தான். ஆனா அந்த ரிப்போர்ட் 243 பக்கத்தையும் உக்காந்து படிச்சேன், தொழில் புத்தி.

முதல்ல, மேட்ச்சுக்கு முன்னாடி ஒவ்வொரு பந்துலயும் எவ்வளவு இருந்துச்சுன்னு யாரும் எழுதி வைக்கல. ஞாபகத்துல இருந்து தான் சொன்னாங்க. ரெண்டாவது, ரெஃப்ரி கிட்ட ரெண்டு கேஜ் இருந்துச்சு, லோகோ போட்டது ஒண்ணு போடாதது ஒண்ணு, லோகோ போட்ட கேஜ் மத்ததுக்கு மேல 0.3ல இருந்து 0.45 வரைக்கும் கூட காட்டுது, அதோட ஊசி வேற வளைஞ்சு இருக்கு. முன்னாடி எத வச்சு செக் பண்ணீங்கன்னு கேட்டா லோகோ போட்டதுன்னு தான் ஞாபகம்னு ஆண்டர்சன் சொல்றாரு. மத்த எல்லாத்துலயும் அவரு ஞாபகத்த நம்பின விசாரணை இதுல மட்டும் இல்லங்க நீங்க இன்னொன்ன தான் எடுத்திருப்பீங்கன்னு முடிவு பண்ணுது. ஏன்னா அவரு சொன்னத அப்படியே எடுத்துக்கிட்டா பேட்ரியாட்ஸ் பந்துல பாதிக்கு மேல குளிர் கணக்குலயே அடங்கிடுது.

கணக்கு ரொம்ப சிம்பிள். கேஜ்ல 12.5னா வெளிக்காத்தோட 14.7ஐயும் சேத்து 27.2. உள்ள 71 டிகிரி ஃபாரன்ஹீட், வெளிய 48ன்னு வச்சா அது 26க்கு வந்துடும், கேஜ்ல 11.3. ஹாஃப் டைம்ல பேட்ரியாட்ஸோட 11 பந்த அளந்தப்ப ஒரு கேஜ்ல சராசரி 11.49, இன்னொண்ணுல 11.11. இத வச்சு ஒருத்தன திருடன்னும் சொல்ல முடியாது யோக்கியன்னும் சொல்ல முடியாது.

கோல்ட்ஸ் பந்த நாலே நாலு தான் அளந்தாங்க, டைம் முடிஞ்சிடுச்சாம். அதுலயும் ஒரு கேஜ் படி மூணு பந்து 12.5க்கு கீழ. இத யாரும் பேச மாட்டாங்க. பேட்ரியாட்ஸ் பந்த முதல்ல அளந்தாங்க, கோல்ட்ஸ் பந்து அந்த சூடான ரூம்ல பல நிமிஷம் இருந்த பிறகு தான், அதுக்குள்ள உள்ள காத்து திரும்ப ஏறிட்டே இருக்கும். என் கீழ வேலை பாக்குற பையன் எவனாவது இப்படி ஒரு ஷீட்ட கையெழுத்துக்கு கொண்டு வந்தா கிழிச்சு மூஞ்சில போட்டிருப்பேன்.

இதுல எனக்கு கோவம் எங்கன்னா, கோல்ட்ஸ் டீம் மேட்ச்சுக்கு முதல் நாளே லீக்குக்கு புகார் அனுப்பிடுச்சு. ரெஃப்ரி காதுக்கும் முன்னாடியே போயிடுச்சு. சந்தேகம் இருக்குன்னு தெரிஞ்ச பிறகும் ஒரு பேப்பர் எடுத்து 12 நம்பர் எழுதல, அம்புட்டு தானே வேலை? அடுத்த சீசன்ல அங்கங்க சில மேட்ச்ச எடுத்து அளந்தாங்க. அந்த நம்பர வெளிய விட்டாங்களான்னா, இல்ல.

*

கேஜ் அண்ணா சூப்பர். நான் அப்போ நியூயார்க்ல, டவுன்டவுன் மன்ஹாட்டன்ல கோர்ட் பக்கத்துலயே ஆபீஸ். 2015 ஆகஸ்ட்ல தண்டனைய எதிர்த்த கேஸுக்கு பிரேடி வந்த அன்னிக்கு லஞ்ச்சுக்கு இறங்கினா ரோடே தெரியல, பாதி கூட்டம் பிரேடியோட 12ஆம் நம்பர் ஜெர்சில, பாதி கூட்டம் காத்து போன பந்த ஆட்டிக்கிட்டு. என் பக்கத்துல ஒரு தாத்தா, நியூயார்க் டீம் ஜெட்ஸோட தொப்பி போட்டவரு, "இவனுக்கு எதிரா நிக்கத்தான் வந்தேன், ஆனா இவன விசாரிச்சவன பாத்தா இவன் பக்கம் போயிடலாம் போலருக்கு"ன்னு சொல்லிட்டு சிரிச்சாரு. எனக்கு அது ரொம்ப நாள் மனசுல இருந்துச்சு. அன்னிக்கு கோர்ட்டுக்குள்ள பிரேடிய வரைஞ்ச படம் வந்துச்சே, ஐயோ, நாலு மேட்ச் ஆடக் கூடாதுன்னு போட்ட தண்டனைய விட அது தான் பெரிய தண்டனை.

எனக்கு விளையாட்டு அவ்வளவா தெரியாது, ஆனா ஹெச்ஆர்ல இருக்கேன், இந்த ப்ராசஸ பாத்து தலை சுத்திடுச்சு. தண்டனை குடுத்தது லீக் கமிஷனர் ரோஜர் குட்டெல் ஆபீஸ். அப்பீல கேட்டது யாரு? அதே குட்டெல். ப்ளேயர்ஸ் யூனியனே கையெழுத்து போட்ட ஒப்பந்தத்துல 46ஆவது பிரிவுல அந்த அதிகாரம் இருக்கு, அதனால சட்டப்படி சரி தான், ஒத்துக்கிறேன். விசாரணை பண்ண டெட் வெல்ஸோட ரிப்போர்ட்ல கூட பிரேடி செஞ்சார்னு இல்ல, நடக்காம இருந்ததுக்கு நடந்திருக்க தான் வாய்ப்பு ஜாஸ்தி, அவருக்கும் பொதுவா தெரிஞ்சிருக்கும்ங்கிற மாதிரி தான் இருந்துச்சு. "பொதுவா தெரிஞ்சிருக்கும்"னு எழுதி எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு மெமோ குடுத்தா எங்க லீகல் டீம் என்ன தான் முதல்ல வீட்டுக்கு அனுப்பும்!

செப்டம்பர் 3 ஜட்ஜ் பெர்மன் தண்டனைய ரத்து பண்ணார், 2016 ஏப்ரல்ல மேல் கோர்ட் 2-1ன்னு திரும்ப போட்டுச்சு. திரும்ப போட்ட அந்த ரெண்டு ஜட்ஜ் கூட பிரேடி தப்பு பண்ணாரான்னு பாக்கல, ஒப்பந்தத்துல அதிகாரம் இருக்கான்னு தான் பாத்தாங்க. ஆனா டிவில "கோர்ட்டே சொல்லிடுச்சு, சீட்டிங்"னு தான் ஓடுச்சு.

*

ஜெட்ஸ் ஃபேன் இங்க. எல்லாரும் பாவம் பாக்குறீங்க, 2007 மறந்து போச்சா? எங்க கோச் சிக்னல பேட்ரியாட்ஸ் ஆளுங்க கேமரா வச்சு எடுத்து மாட்டினாங்க, அவங்க கோச் பெலிச்சிக்குக்கு 5 லட்சம் டாலர், டீமுக்கு 2.5 லட்சம் ஃபைன், புது ப்ளேயர எடுக்குற ட்ராஃப்ட்ல ஒரு ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக் காலி. அந்த டேப்ப லீக்கே அழிச்சிடுச்சு. அப்போ யாரும் ப்ராசஸ் சரியில்லன்னு அழல. ஒரு தடவ கன்னம் வச்சவன் வீட்டு பக்கம் போனா நாய் குரைக்க தான் செய்யும்.

*

ஜெட்ஸ் ப்ரோ, ஒத்துக்கிறேன், குரைக்கட்டும். ஆனா பழைய கணக்க இந்த பந்துல எழுதாதீங்கன்னு தான் சொல்றேன். பந்துல ஏதாவது கோல்மால் பண்ணா 25,000 டாலர் ஃபைன்னு ரூல் புக்குலயே இருந்துச்சு. அதே சீசன்ல 2014 நவம்பர் கடைசில மினசோட்டால குளிர் தாங்காம சைடுலைன்ல ஹீட்டர்கிட்ட வச்சு பந்த சூடு பண்ணாங்க, டிவிலயே தெரிஞ்சுது, அதுக்கு வெறும் எச்சரிக்கை. எங்களுக்கு 10 லட்சம் டாலர், ரெண்டு ட்ராஃப்ட் பிக், நாலு மேட்ச். தராசு அதே தராசு தானா?

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். 2017 செப்டம்பர்ல சீசனோட முதல் மேட்ச்சுக்கு குட்டெல் ஃபாக்ஸ்பரோ வந்தாரு. பார்க்கிங்ல எறங்கினதுல இருந்து கோமாளி மூக்கு வச்ச அவரோட மூஞ்சி போட்ட டவல் தான் எல்லார் கையிலயும், எனக்கும் ஒண்ணு குடுத்தாங்க. அதுக்கு முந்தின சீசன் நாலு மேட்ச் வெளிய உக்காந்துட்டு வந்த பிரேடி 28-3ன்னு பின்னாடி இருந்து எழுந்து ஃபால்கன்ஸ 34-28ன்னு அடிச்சு சூப்பர் பவுல் தூக்கிட்டாரு இல்ல, அந்த திமிரு. டவல ஆட்டி ஆட்டி கத்தினோம், அன்னிக்கு மேட்ச்ல கன்சாஸ் சிட்டி கிட்ட 42-27ன்னு தோத்தோம். டவல் இப்ப வண்டி துடைக்க.

*

அண்ணே, இண்டியானாபொலிஸ் மறுபடியும். கேஜ் அண்ணன் சொன்ன நாலு பந்து விஷயம் எனக்கு இத்தனை வருஷமா தெரியாது, எங்க ஊர்ல யாரும் சொல்லல. கொஞ்சம் இடிக்குது தான். ஆனா அந்த பாத்ரூம்ல இருந்து நான் வெளிய வர்றதா இல்ல. 2015 அக்டோபர்ல நீங்க எங்க ஊருக்கு வந்தப்ப நான் ஸ்டேடியத்துல இருந்தேன், பழி வாங்க போறோம்னு தொண்டை கிழிய கத்தினோம், எங்காளுங்க பந்த உதைக்கிற மாதிரி நடிச்சு ஏமாத்த பாத்த அந்த கேவலமான ஃபேக் பன்ட் ஆடினதும் முன் வரிசைல இருந்த பேட்ரியாட்ஸ் ஃபேன் ஒருத்தன் திரும்பி பாத்து, "இதுக்கும் காத்து தான் காரணமா?"ன்னு கேட்டான். பதில் சொல்ல வாய் வரல. 34-27ன்னு தோத்தோம்.

*

பாஸ்டன் தம்பி, ஒரு சந்தேகம். உங்க பால்கனி டெஸ்ட்ல ஒரே கேஜ் தான் வச்சிருந்தீங்களா? அத எதோடயாவது சரி பாத்தீங்களா?

*

கேஜ் அண்ணா, மாட்டி விட்டுட்டீங்க. ஒண்ணு தான், சரி பாக்கல. இப்ப உங்க மெசேஜ் பாத்துட்டு கராஜ்ல போய் அந்த பழைய பந்த தேடி எடுத்து, அந்த கேஜ்லயும் பையனோட சைக்கிள் பம்ப் கேஜ்லயும் மாத்தி மாத்தி பாத்தேன். ஒண்ணு 9.5, இன்னொண்ணு 10. திரும்ப முதல் கேஜ்ல வச்சா 9. ஊசிய ஒவ்வொரு தடவ எடுக்கும்போதும் ஸ்ஸ்னு கொஞ்சம் போகுது. மூணாவது ஒண்ணு வாங்கிட்டு வரேன்னு சாவிய எடுத்தேன், வீட்ல முறைச்ச முறைல சாவி இருந்த எடத்துக்கே போயிடுச்சு.