25,000 ரூபாய்க்குள் கார் தகடு வேலைக்கு எந்த மிக் மெஷின்?

பள்ளத்தூர் அம்பாசடர்
வணக்கம். வீட்டில் அப்பா காலத்து அம்பாசடர் ஒன்றும் ஃபியட் ஒன்றும் நிற்கின்றன. இரண்டுக்கும் மட்கார்டு ஓரம், கால் வைக்கிற ஃப்ளோர், டிக்கி அடி எல்லாம் துருப்பிடித்துப் பொத்தல். டிங்கரிங்குக்கு விட்டால் மாதக்கணக்கில் இழுக்கிறது, அதனால் நானே மெதுவாகச் செய்யலாம் என்று ஆசை. கேட், கிரில் அளவுக்கு ஆர்க் வெல்டிங் தெரியும். கடையில் இரண்டு மெஷின் காட்டினார்கள். ஒன்று 250 ஆம்பியர் இன்வெர்ட்டர் மிக், அதாவது எலக்ட்ரானிக் போர்டில் ஓடுவது, வயர் தானாக வந்து கேஸ் பாதுகாப்பில் ஒட்டும் வகை. இன்னொன்று கேஸ் இல்லாமலே ஓடும் 140 ஆம்பியர். “ஆம்பியர் கூட இருந்தால் பின்னாடி உதவும்” என்கிறார் கடைக்காரர். வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான். எதை எடுக்கலாம்?

துவாக்குடி ஃபேப்ரிகேட்டர்
கடைக்காரர் மேல் எண்ணைச் சொல்கிறார், நீங்கள் கீழ் எண்ணைக் கேளுங்கள். கார் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இப்போது வரும் சின்னக் கார்களில் 0.7, 0.8 தான், அம்பாசடர் கொஞ்சம் தடிமன். இதற்கெல்லாம் 30 முதல் 60 ஆம்பியருக்குள் வேலை முடிந்துவிடும். 250 என்று எழுதிய மெஷின் 50-க்குக் கீழே இறங்காது என்றால் அது உங்கள் மட்கார்டில் இன்னும் நாலு பொத்தல் போடும். வீட்டிலிருந்து ஒரு துண்டுத் தகடு கொண்டுபோய், கடையிலேயே 30, 35-ல் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அப்பளம் பொரிகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வர வேண்டும். டப் டப் என்று வெடித்தால் வேண்டாம்.

அப்புறம் அந்த 250 கதை. மிக்கில் 200 ஆம்பியருக்கு 24 வோல்ட் என்பது பொதுக் கணக்கு. அதாவது 4,800 வாட். மெஷினுக்குள் வீணாவதைச் சேர்க்காமலே 230 வோல்ட்டில் 21 ஆம்பியர் இழுக்கும். வீட்டு 16 ஆம்பியர் பிளக்கில் அது எங்கிருந்து வரும்? அதே கணக்கில் 50 ஆம்பியருக்கு 16.5 வோல்ட், 825 வாட். அதை வீட்டு லைனே தாங்கும்.

தேவகோட்டை டிங்கர்
தம்பி, மெஷினே வேண்டாம் என்பேன். இந்த வண்டிகளுக்கு ஆக்சிஜன் அசிட்டிலின் கேஸ் வெல்டிங்தான் சரி. கேஸில் ஒட்டிய இடம் மெத்தென்று இருக்கும். அடியில் டாலி என்கிற இரும்புக் கட்டை கொடுத்துச் சுத்தியலால் தட்டித் தட்டித் தகட்டோடு தகடாக இறக்கிவிடலாம். சிஓ2, அதாவது மிக், போட்ட கோடு கெட்டி. தட்டினால் படியாது, ஓரத்தில் விரிசல் விடும். கிரைண்டர் போட்டுத்தான் சமப்படுத்த வேண்டும். கிரைண்டரில் தகடு சன்னமாகும். அதை மறைக்கப் பட்டிப் பூச்சு. இன்றைக்குப் பட்டறைக்கு வரும் வண்டியில் பாதி பட்டியில்தான் நிற்கிறது.

துவாக்குடி ஃபேப்ரிகேட்டர்
அண்ணே, சுத்தியல் விஷயத்தை நான் மறுக்கவே இல்லை. ஆனால் கேஸ் தீயில் சூடு எவ்வளவு தூரம் பரவும்? பானட் மாதிரி அகலத் தகட்டில் அது அலை அலையாக நெளிந்துவிடும். ஈரத் துணி வைத்துச் சுருக்கி, தட்டி, அதை நேராக்க உங்கள் கை வேண்டும். அந்தக் கை அவருக்கு இன்னும் வரவில்லையே. மிக்கில் ஒரு புள்ளி இங்கே, அடுத்த புள்ளி ஒரு சாண் தள்ளி, தொட்டால் சுடாத அளவுக்கு ஆறவிட்டு அடுத்தது என்று போனால் புதுக் கைக்கும் தகடு நெளியாது.

தேவகோட்டை டிங்கர்
பொறுமை இருந்தால். எனக்குத் தெரிந்து மிக் வாங்கியவர்கள் எல்லாரும் ஒரே இழுப்பில் கோடு போடத்தான் பார்க்கிறார்கள்.

செஞ்சை கேரேஜ்
இரண்டு பேருமே சிலிண்டரைக் கட்டி மாரடிக்கச் சொல்கிறீர்கள். சிலிண்டருக்கு டெபாசிட், வாடகை, ரெகுலேட்டர், தீர்ந்தால் வண்டி வைத்துத் தூக்கிப்போய் நிரப்புவது. வருஷத்துக்கு நாலு பொத்தல் அடைக்க இதெல்லாம் தேவையா? கேஸ் இல்லாத 140 போதும். சின்ன மெஷின் சூடாகி நின்றுவிடும் என்று பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள். டியூட்டி சைக்கிள் 20 சதவீதம் என்றால் 140-ல் பத்து நிமிஷத்துக்கு இரண்டு நிமிஷம் ஓடும். ஆம்பியரைக் குறைத்தால் அந்த நேரம் மளமளவென்று ஏறும். கணக்குப் போட்டால் 62 ஆம்பியர் வரை நிற்காமலே ஓடலாம். இவர் வேலையே 60-க்குள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

துவாக்குடி ஃபேப்ரிகேட்டர்
டியூட்டி சைக்கிள் கணக்கு சரி, மெஷின் தகட்டில் எழுதியிருப்பது உண்மையாக இருந்தால். நான் வேண்டாம் என்பது வயருக்காக. கேஸ் இல்லாமல் ஓடுவது ஃப்ளக்ஸ் வயர். உள்ளே மருந்து இருக்கும் குழாய் வயர். காற்றடிக்கும் இடத்தில் கேட் ஒட்ட அது நல்லது. ஒரு மில்லிக்குக் கீழே போனால் சட்டென்று ஓட்டை விழும், ஒவ்வொரு புள்ளி மேலும் கசடு நிற்கும், அதைத் தட்டிச் சுரண்டாமல் அடுத்த புள்ளி வைக்க முடியாது. ஸ்பாட்டர் என்கிற உலோகத் தெறிப்பு வேறு. காரின் கண்ணாடியில் பட்டால் குழி குழியாக ஒட்டிக்கொள்ளும், பிறகு போகவே போகாது.

இன்னொன்று. ஃப்ளக்ஸ் வயருக்கு டார்ச் நெகட்டிவில் இருக்க வேண்டும், கேஸோடு போடும் சாதா வயருக்கு பாசிட்டிவில். மலிவு மெஷின் சிலவற்றில் இதை மாற்றவே முடியாது. நாளைக்கு சிலிண்டர் வாங்கினாலும் பயன்படாது. உள்ளே போலாரிட்டி மாற்றும் போல்ட்டோ பிளக்கோ இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பாருங்கள். அது இருந்தால் 140 மெஷினே கூடச் சம்மதம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

செஞ்சை கேரேஜ்
கண்ணாடியில் ஈரச் சாக்கைப் போர்த்தினால் முடிந்தது. ஃப்ளோருக்கு அடியில் யார் வந்து கசடைப் பார்க்கப் போகிறார்கள்?

பள்ளத்தூர் அம்பாசடர்
வேலை செய்யப் போவது வீட்டுப் பின்கட்டில். எங்கள் பக்கம் மோட்டார் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் நன்றாக இறங்கும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை மெஷின்தான் தாங்கும், இன்வெர்ட்டர் போர்டு போய்விடும் என்று ஒருவர் சொன்னாரே?

தேவகோட்டை டிங்கர்
சொன்னவர் சரியாகச் சொன்னார். டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் உள்ளூரில் காயில் கட்டிவிடுவார்கள். போர்டு போனால் பார்சல் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

துவாக்குடி ஃபேப்ரிகேட்டர்
ரிப்பேரில் அண்ணன் சொல்வது நிஜம். அதனால்தான் திருச்சியிலோ மதுரையிலோ சர்வீஸ் ஆள் இருக்கிற கம்பெனியாக எடுங்கள் என்கிறேன், இரண்டாயிரம் கூடப் போனாலும் பரவாயில்லை. ஆனால் டிரான்ஸ்ஃபார்மரில் லைன் இறங்கினால் ஆர்க்கும் கூடவே இறங்கும். பாதிப் புள்ளியில் சூடு மாறினால் மெல்லிய தகட்டில் ஒன்று ஒட்டாது, இல்லை பொத்தலாகும். இன்வெர்ட்டர் தனக்குள்ளே சரிசெய்துகொள்ளும். பல மெஷின்களில் 15 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் தாங்கும் என்று போட்டிருக்கும். அதாவது சுமார் 195 வோல்ட் வரை. அதற்கும் கீழே போகிற நேரத்தில் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். ஃபேனுக்கு வாங்கிய எக்ஸ்டென்ஷன் வயரை நீட்டி அதில் மாட்டவும் வேண்டாம், இருக்கிற வோல்டேஜும் அந்த வயரிலேயே போய்விடும். மெஷினுக்குள் தூசி சேராமல் அவ்வப்போது ஊதிவிடுங்கள், போர்டு நாள்படும்.

தேவகோட்டை டிங்கர்
பின்கட்டிலா? நல்லா இருக்கு. பர்மா தேக்குத் தூணுக்குப் பக்கத்தில் நெருப்புப் பொறி, ஆத்தங்குடிக் கல் தரையில் ஸ்பாட்டர். ஆச்சிக்குத் தெரிந்தால் வண்டியோடு சேர்த்து வெளியே தள்ளிவிடுவார்கள். வெளியே தகரக் கொட்டகையில் செய் தம்பி. சீட்டு, மேட், ஃப்ளோர் அடியில் பூசிய கருப்புத் தார் எல்லாம் தீப்பிடிக்கும். பெட்ரோல் டேங்கைக் கழற்றி எட்ட வை, பேட்டரி வயரைக் கழற்று. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு ஆளும் இருக்கட்டும்.

துவாக்குடி ஃபேப்ரிகேட்டர்
இதில் அண்ணனோடு சண்டையே இல்லை. கொட்டகையில் காற்று நேராக அடித்தால் கேஸ் பறந்து வெல்டு புழு அரித்தது போலாகும், அதனால் ஒரு பக்கம் மறைப்பாக ஒரு தட்டி வையுங்கள். பெடஸ்டல் ஃபேன் உங்கள் முதுகுக்கு வேண்டாம்.

கேஸ் பற்றி: சுத்த சிஓ2 மலிவு, ஆனால் சூடும் ஸ்பாட்டரும் கூட. ஆர்கான் 80, சிஓ2 20 கலந்த மிக்ஸ் மெல்லிய தகட்டில் அமைதியாக ஓடும். விலை அதிகம்தான். புள்ளி புள்ளியாக வைக்கும் வேலைக்கு நிமிஷத்துக்கு 8, 10 லிட்டர் போதும் என்பதால் சின்ன சிலிண்டரே வெகுநாள் வரும். சிலிண்டர் தோளில் சோதனைத் தேதி குத்தியிருக்கும், அது காலாவதியானதைத் தலையில் கட்டினால் வாங்காதீர்கள்.

கோட்டையூர் ஃபியட்
வெல்டிங் எனக்குத் தெரியாது, துருவைப் பற்றி மட்டும். பழைய தகட்டின் மேல் புதுத் தகட்டை வைத்து ஒட்டினால் இடுக்கில் தண்ணீர் நின்று மறுபடி அரிக்கும். துருவை நல்ல தகடு வரும்வரை வெட்டியெடுத்து, விளிம்போடு விளிம்பு ஒட்டுங்கள். பின்பக்கம் சூட்டில் பெயின்ட் எரிந்துபோயிருக்கும், அங்கேயும் ப்ரைமர் போக வேண்டும். சிக்ரி (காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) மாதிரி துரு ஆராய்ச்சி நடக்கிற ஊரில் இருந்துகொண்டு துருவின் மேல் பட்டி பூசுகிறோம்!

செஞ்சை கேரேஜ்
விளிம்போடு விளிம்பு புதுக் கைக்கு வராது. ஃப்ளோரில் மேலே ஏற்றி ஒட்டி, இடுக்கில் சீலர் போடட்டும். பானட்டில் வேண்டுமானால் அழகு பார்க்கலாம்.

துவாக்குடி ஃபேப்ரிகேட்டர்
பொத்தல் விழும் இடத்தில் பின்னால் ஒரு செம்புப் பட்டையை அழுத்திப் பிடித்தால் வரும். செம்பில் வெல்டு ஒட்டாது, சூட்டையும் இழுத்துக்கொள்ளும்.

பள்ளத்தூர் அம்பாசடர்
சரி, 250-ஐ விட்டுவிட்டேன். போலாரிட்டி மாற்றும் வசதியோடு, 30 ஆம்பியரில் தொடங்கும் 160 ஒன்று வேறு கடையில் இருக்கிறது. மீதிப் பணம் சிலிண்டருக்கும் ஹெல்மெட்டுக்கும். அவர்களிடம் 0.6 மில்லிமீட்டர் வயர் இல்லை, 0.8 தான் இருக்கிறது. ஓடுமா?

துவாக்குடி ஃபேப்ரிகேட்டர்
ஓடும். 0.6 கிடைத்தால் இன்னும் குறைந்த சூட்டில் இறங்கலாம், அவசரமில்லை. ரோலரில் 0.8 என்று குத்திய பள்ளம் வயர் பக்கம் இருக்கிறதா, டார்ச் முனையில் உள்ள டிப்பும் 0.8 தானா என்று பாருங்கள். ஒரு கிலோ ரோலாக வாங்குங்கள், பெரிய ரோல் முடிவதற்குள் துருப்பிடிக்கும்.

தேவகோட்டை டிங்கர்
வாங்கு. ஃப்ளோரில் ஆரம்பி, அப்புறம் டிக்கி அடி. பானட்டையும் கதவையும் மட்டும் தொடாமல் என்னிடம் கொண்டுவா, கேஸில் ஒட்டித் தட்டித் தருகிறேன். பட்டி இல்லாமல்.