கூழன் சக்கையை (பலாப்பழத்தை) என்ன செய்ய?

ரேகா: கிணற்றடிச் சக்கையை இப்போதுதான் வெட்டினோம். சுளை உறுதியாக இருக்கும் வரிக்கை என்று நினைத்து ஆசையாகக் காத்திருந்தால், குழகுழவென்ற கூழன். சுளை கையில் நிற்காமல் வழுக்குது, பிள்ளைகள் தொடவே மாட்டேன் என்கிறார்கள். யார் வீட்டிலாவது மாடு நிற்கிறதா?

பெரியம்மை: மாட்டுக்கா? அடி வாங்குவாய் மக்கா. வெல்லம் போட்டுக் கிண்டும் சக்கைவரட்டிக்குக் கூழன்தான் வேண்டும். வரிக்கை எவ்வளவு வெந்தாலும் திப்பி திப்பியாகக் கிடக்கும்.

ரேகா: ஒரே நாராக இருக்கிறதே பெரியம்மை

பெரியம்மை: கொட்டையை எடுத்துவிட்டு அரிப்பில் (சல்லடையில்) போட்டுத் தேய், நார் மேலே நின்றுவிடும். கூழை உருளியில் ஊற்றிக் கிண்டு, நன்றாக வற்றினதும் வெல்லத்தைக் காய்ச்சி வடிகட்டி விடு, இடையிடையே நெய், அப்புறம் உருண்டு திரண்டு அடியில் ஒட்டாமல் வரும்போது சுக்கும் ஏலக்காயும் பொடித்துப் போட்டு இறக்கு. ஈரம் நின்றால் பூசணம் பிடிக்கும், அவசரப்படாதே. பதமாக வற்றினது மாதக்கணக்கில் இருக்கும்.

சித்தி: உன் பெரியம்மை சொல்கிறார்கள் என்று எல்லாவற்றையும் வரட்டியாக்கிவிடாதே. கொஞ்சம் கூழில் அரிசிமாவு, வெல்லம், தேங்காய்த் துருவல் பிசைந்து தெரளி இலையில் வைத்து அவி. தெரளி கிடைக்காவிட்டால் வாழையிலை, ஆனால் அந்த மணம் வராது.

சுரேஷ்: சென்னையில் எங்களுக்குப் பண்ருட்டிப் பழம்தான், அதையும் சுளை சுளையாக எண்ணி விற்கிறார்கள். நீங்கள் மாட்டுக்குப் போடப் பார்க்கிறீர்கள் 😭

ரேகா: வாடா, வந்து கிண்டு.

சித்தி: கொட்டையைத் தூரப் போட்டுவிடாதே. வெள்ளைத் தோலை உரி, உள்ளே இருக்கும் பழுப்புத் தோலைச் சுரண்டினால் போதும். மாங்காயும் சேர்த்துத் தேங்காய் அரைத்துக் குழம்பு வை, கூனிக் கருவாடு இருந்தால் அதையும் போடு, வேறு கூட்டு வேண்டாம்.

ரேகா: கத்தி முழுக்கப் பிசின் சித்தி, சோப்பு போட்டும் போகவில்லை

சித்தி: சோப்புக்குப் போகாது. தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் துடை. வெட்டும் முன்னாலேயே கையிலும் கத்தியிலும் தடவியிருக்க வேண்டும், இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லையா?

பெரியப்பா: அந்த மரம் எந்த வருஷமும் கூழன்தான் காய்க்கும், மாறாது. வரிக்கைக் கொட்டையை நட்டாலும் வரிக்கைதான் வரும் என்று சொல்ல முடியாது, ஒட்டுக்கன்று வாங்கி வைத்தால்தான் உறுதி. அதனால் அடுத்த பருவத்தில் பாதியைப் பிஞ்சிலேயே பறித்துவிடு. வேகவைத்து இடித்துத் தேங்காயோடு துவரன் (பொரியல்) வைத்தால், அந்த இடிச்சக்கைக்குக் கூழனா வரிக்கையா என்ற கேள்வியே இல்லை.

சுரேஷ்: பெரியப்பா, முற்றின காயை அவித்து மசித்து மீன்குழம்போடு தின்பதை விட்டுவிட்டீர்களே

பெரியப்பா: அதைச் சொன்னால் இன்றைக்கே காய் இறக்கச் சொல்வாய், மரத்தில் ஏற ஆள் வேண்டாமா?

ரேகா: சரி, உருளி யாரிடம் இருக்கிறது?

சித்தி: என்னிடம். பத்து மணிக்கு மேல் வா, நெய் நீயே கொண்டு வா.