புதுப்பிப்பு: புறாமலைக்குக் கூட்டிப்போக ஆள் தேடிய கதை

வவுனியாவிலிருந்து நிலாவெளி போய், கரைக்குக் கிட்டவுள்ள சிறு தீவான புறாமலையில் ஸ்கூபா (காற்றுத் தொட்டியோடு ஆழத்தில் நீந்துவது), ஸ்நோர்கலிங் (குழாயால் மூச்சு விட்டபடி கடல் மேற்பரப்பில் நீந்துவது) செய்யக் கூட்டிப்போகும் நல்ல நிலையத்தை எப்படித் தெரிவு செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

"விலை கேட்க முதல், உடல்நலப் படிவம் தருகிறார்களா என்று பாருங்கோ" என்று முல்லைத்தீவு அண்ணா ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. முதல் நிலையத்தில் படிவமே இல்லை, விட்டுவிட்டோம். அடுத்த நிலையத்தில் தம்பிக்குச் சளி என்று படிவத்தில் கண்டதும், காதுக்குள் அழுத்தம் சமப்படாது, ஸ்கூபா வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். காசை விட ஆளைப் பார்த்தார்கள்; அங்கேயே பதிந்தோம். அவன் ஸ்நோர்கலிங்கோடு நின்றான்.

எதிர்பாராதது: புறாமலை தேசியப் பூங்கா என்பதால் நுழைவுச்சீட்டு தனி, படகுக் காசில் சேராது. அப்புறம், மே முதல் செப்டம்பருக்குள் போங்கோ. மாரியில் கடல் கொந்தளிக்கும்.