பெரியப்பாவின் கசற்றுகள்: 70களில் திருமலை இசைக்குழுக்களோடு சுற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

உப்புவெளிப்பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பெரியப்பா 70களில் திருமலையில், அதாவது இலங்கைத் திருகோணமலையில், ஒரு இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசித்தவர். கோயில் திருவிழா, கலியாண வீடு, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் என்று எல்லா இடமும் போயிருக்கிறார்கள். அவர் தவறிய பிறகு அலுமாரிக்கு மேலே ஒரு பிஸ்கற் ரின் நிறையக் கசற்றுகள் இருந்தன. "சாம்பல்தீவு, இரண்டாம் கொப்பி", "மூதூர் விடிய", "நிலாவெளி இங்கிலீஷ்" என்று அவருடைய கையெழுத்தில் லேபிள். சிலதில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது.

ஒரு கசற்றைப் போட்டுக் கேட்டேன். பாடுகிறவரின் குரல் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி மெல்லிசாக, வேகமாக ஓடுகிறது. பாட்டுக்கு நடுவே அறிவிப்பு, கூட்டத்தின் இரைச்சல், யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம். ஸ்ரூடியோ வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவர், அதையெல்லாம் வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் சுத்தமாக எடுத்துத் தருகிறேன் என்கிறார். அம்மாவும் சரி என்கிறா. எனக்குத்தான் மனம் வரவில்லை. இந்தப் பதிவுகளை அந்தக் காலத்தில் எப்படிச் செய்தார்கள், இப்போது நான் என்ன செய்ய வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய மனேஜர்:

பிள்ளை, முதல் வேலையாக அந்த ஸ்ரூடியோக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மிச்சத்தை ஆறுதலாகக் கதைப்போம்.

நான் வாத்தியம் வாசித்தவன் இல்லை. திருமலைக் குழு ஒன்றுக்கு 70களின் நடுவில் இருந்து 83 வரை மனேஜர். உங்கள் பெரியப்பாவின் குழுவா வேறு குழுவா என்று தெரியாது, அப்போது ஊரில் பல குழுக்கள் இருந்தன. எங்கள் ஊர்ப் பரமேஸ், கோணேஸ் சகோதரர்கள் சொந்த மெட்டில் பாடி இசைத்தட்டும் போட்ட பிறகு, கிற்றார் வாங்க வழி இருந்த பெடியன்கள் எல்லோரும் ஆளுக்கொரு குழு தொடங்கினார்கள். அவர்களுக்கு மேடை பிடித்துக் கொடுக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நான்.

மனேஜர் என்றால் என்ன வேலை என்று இப்போதுள்ளவர்களுக்கு விளங்காது. கோயில் பரிபாலன சபையோடு பேசி அச்சவாரம் வாங்க வேண்டும். லொறி பிடிக்க வேண்டும். ஜெனரேற்றருக்கு டீசல், மேளம் அடிப்பவருக்குச் சோறு, பாடகருக்குச் சுடுதண்ணீர், எல்லாம் என் தலையில். சுவாமி வெளிவீதி வரும் நேரம் எது என்று ஐயரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அந்த நேரம் பாட்டு நிற்க வேண்டும். பத்து மணிக்கு ஏறினால் விடியத்தான் இறங்குவோம். முதல் பாட்டு எப்போதும் பக்திப் பாட்டு. நடுச்சாமத்துக்குப் பிறகு பெடியன்கள் பைலா என்கிற ஆட்டப் பாட்டுக்குக் கத்துவார்கள், பெரியவர்கள் பழைய பாட்டுக் கேட்டுத் துண்டு அனுப்புவார்கள். இரண்டு பக்கத்தையும் சமாளிக்க வேண்டும். ஒரு இடத்தில் பேசிய காசில் பாதியைத் தராமலே லொறியை அனுப்பிவிட்டார்கள். அந்தக் காசு இன்னும் வரவேண்டியதுதான்.

அதே குழு, அடுத்த கிழமை நிலாவெளி ஹோட்டலில் வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரருக்கு டீப் பேர்ப்பிளும் கிரீடன்ஸும் வாசிக்கும். அம்மன் கோயில் மேடையில் அடித்த அதே கிற்றார், அதே அம்ப்ளிபயர். அந்த ஆங்கிலப் பாட்டுகளை றேடியோவில் கேட்டுக் கேட்டுத்தான் பழகினார்கள், சொற்கள் சில இடத்தில் வேறு மாதிரி இருக்கும். உங்கள் "நிலாவெளி இங்கிலீஷ்" கசற்றில் அது கேட்கும் என்று நினைக்கிறேன்.

77க்கு முன்னர் இறக்குமதிக் கட்டுப்பாடு. கிற்றார்க் கம்பி கிடைக்காது. திருமலைக் கடற்காற்றில் கம்பி கெதியாகக் கறள் பிடித்துவிடும். பேஸ் கம்பிகளைக் கழற்றிச் சட்டியில் போட்டு அவித்து, துணியால் துடைத்து, மறுபடி பூட்டுவோம். ஊத்தை இளகிப்போய்ச் சத்தம் கொஞ்சம் தெளியும், இரண்டு மூன்று கச்சேரிக்கு ஓடும். உங்கள் பெரியப்பாவும் கட்டாயம் அவித்திருப்பார். 77இல் சந்தை திறந்த பிறகுதான் சிங்கப்பூரில் இருந்தும் வளைகுடாவில் இருந்தும் ஆட்கள் கசற் றெக்கோடர் கொண்டுவந்தார்கள். அதற்கு முதல் நாங்கள் பதிந்தது இரவலாக வாங்கிய பெரிய ரேப் றெக்கோடரில். ஏழு அங்குல றீல், 1,200 அடி. நல்ல வேகத்தில், அதாவது விநாடிக்கு ஏழரை அங்குலம், ஓடவிட்டால் ஒரு பக்கம் 32 நிமிடம்தான். விடிய விடிய நடக்கும் கச்சேரிக்கு அது எந்த மூலைக்கு? பாதி வேகத்தில் போடுவோம். தரம் குறையும், ஆனால் அதிகம் அடங்கும்.

கசற் வந்த பிறகு சி-90, பக்கத்துக்கு 45 நிமிடம். சி-120 வாங்காதே என்று பெடியன்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தேன். அதன் நாடா மெல்லிசு, இழுபட்டுச் சுற்றிக்கொள்ளும். பக்கம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது நான் ஒலிபெருக்கி மேசையில் இருந்து ரோர்ச் லைற்றை இரண்டு தரம் மின்னுவேன். மேடையில் அறிவிப்பாளர் அதைப் பார்த்ததும் பாட்டு முடிந்தவுடன் பேச்சை நீட்டுவார். நான் கசற்றைத் திருப்பிப் போட்டு மறுபடி ஒரு தரம் மின்னினால்தான் அடுத்த பாட்டு. அந்த இடைவெளியில்தான் அவர் எல்லா அறிவிப்பையும் செய்வார்: காணாமல் போன பிள்ளை மேடைக்குப் பின்னால் இருக்கிறது, இன்ன லொறிக்காரர் லொறியை எடுக்கவும், அன்னதானத்துக்கு இவ்வளவு அரிசி தந்தவர் இன்னார். அதனால் உங்கள் கசற்றின் தொடக்கத்திலும் கடைசியிலும் பேச்சு நிறைய இருக்கும். ஸ்ரூடியோக்காரர் வெட்ட நினைப்பது அதைத்தான்.

மைக் எங்கே வைப்பது என்பதில் எனக்கும் கிற்றார்காரருக்கும் எப்போதும் சண்டை. மேடைக்கு முன்னால் வைத்தால் கிற்றார் வடிவாகக் கேட்கும் என்பது அவருடைய கட்சி. மேடைக்கு முன்னால் வைத்தால் கேட்பது ட்ரம்ஸ் மட்டும்தான். சின்னக் கசற் றெக்கோடரில் ஒலி அளவைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் ஒரு அமைப்பு உண்டு. ட்ரம் அடி ஒன்று விழுந்தால் உடனே எல்லாவற்றையும் அமுக்கிவிடும், பாட்டுக்காரரும் அதோடு போய்விடுவார். நான் கூட்டத்துக்கு நடுவில், தென்னையிலோ பந்தல் தடியிலோ ஆள் உயரத்துக்கு மேல் கட்டித் தொங்கவிடுவேன். அங்கே பாட்டும் வரும், ஊரும் வரும். பாட்டு முடிந்த இடத்தை நல்ல ஹெட்போனில் கேட்டுப்பாருங்கள். கடைசி அடி விழுந்த பிறகு இரண்டு மூன்று விநாடிக்குக் கூட்டத்தின் சத்தம் மெல்ல மெல்ல மேலே ஏறி வரும். சனம் நேரம் கழித்துக் கைதட்டவில்லை. றெக்கோடர் அமுக்கி வைத்த கையை எடுக்கிறது, அவ்வளவுதான். பிறகு கச்சான் விற்கும் அம்மாவின் குரல், பிள்ளை அழுகிற சத்தம், பின்னால் ஜெனரேற்றர்.

இங்கிலாந்தில் த ஹூ குழு 1970 பெப்ரவரியில் லீட்ஸ் பல்கலைக்கழகச் சாப்பாட்டு மண்டபத்தில் வாசித்ததை இசைத்தட்டாகப் போட்டபோது, பொரிகிற சத்தம் இருப்பது சரிதான், திருத்த வேண்டாம் என்று தட்டின் நடு லேபிளிலேயே எழுதினார்கள். கிரேற்ஃபுல் டெட் குழு, ரசிகர்கள் ரேப் றெக்கோடரோடு வந்து பதிவதை விட்டுவைத்து, 1984இல் அவர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கியது. பெரிய பெரிய குழுக்களே அப்படி நினைத்தன. எங்களுக்கோ ஸ்ரூடியோ பதிவு என்று ஒன்றே கிடையாது. கொழும்புக்கு இரவு மெயில் ரயிலில் ட்ரம்ஸைக் கார்ட் பெட்டியில் ஏற்றி, விடிய இறங்கி, வானொலியில் இரண்டு பாட்டு பாடிவிட்டு வந்ததுதான் மிச்சம். எங்கள் குழு எப்படி வாசித்தது என்பதற்கு இந்தத் தென்னைமரக் கசற்றுகளைத் தவிர வேறு சாட்சி இல்லை.

என்னிடம் இருந்தவை 83இலும் 90இலும் வீடு விட்டு ஓடியபோது போய்விட்டன. எங்கள் பாடகரிடம் இருந்த ஒரு பை, சுனாமியில் வீட்டோடு போனது. அதனால்தான் உங்கள் பிஸ்கற் ரின்னைப் பற்றி வாசித்ததும் இவ்வளவு எழுதுகிறேன். அந்த அறிவிப்பில் பெயர் வருகிற ஆட்களில் பாதிப்பேர் இன்று இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். தகப்பன் அன்னதானத்துக்கு அரிசி கொடுத்ததை மைக்கில் சொல்வதைக் கேட்க அவர்களுக்கு ஆசை இருக்காதா?

கிண்ணியாத்துறை:

மனேஜர் ஐயா, "மூதூர் விடிய" என்ற லேபிளைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வாப்பா கிண்ணியாப் பாதையில், அதாவது வாகனங்களை ஏற்றித் தண்ணீரைக் கடக்கும் மிதவையில், வேலை செய்தவர். பாலம் வந்தது 2009இல் தானே, அதுவரை லொறியும் பஸ்ஸும் பாதையில் ஏற்றித்தான் கடக்க வேண்டும். குழுக்காரர் லொறி வந்தால் வாப்பா ஆட்கள் காசுக்குப் பதில் ஒரு பாட்டுக் கேட்பார்களாம். தண்ணீருக்கு நடுவில் கிற்றாரை எடுத்து வாசிப்பார்கள், அம்ப்ளிபயர் இல்லாமல். வாப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். தங்கச்சி, அந்தக் கசற்றில் பாதைச் சத்தம் ஏதாவது இருந்தால் தயவுசெய்து இங்கே சொல்லுங்கள்.

பழைய மனேஜர்:

தம்பி, அது உண்மைதான். மூதூருக்குப் போவதென்றால் இரண்டு வழி. ஆட்கள் மட்டும் என்றால் திருமலைத் துறைமுகத்தில் இருந்து லோஞ்சில் கொட்டியாரக் குடாவைக் கடந்து போய்விடலாம். சாமானோடு என்றால் லொறியில் கிண்ணியாப் பக்கமாகச் சுற்ற வேண்டும், ஒரு பாதை கடந்தால் இன்னொரு பாதை. ஸ்பீக்கர் பெட்டிக்கு உப்புத்தண்ணீர் தெறிக்காமல் நானே படங்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். உங்கள் வாப்பா ஆட்கள் பிந்தி வந்த லொறிக்கும் காத்திருந்து ஏற்றியவர்கள். மூதூரில் தமிழ்ச் சனமும் முஸ்லிம் சனமும் ஒன்றாக இருந்து விடிய விடியக் கேட்பார்கள். சுபஹு பாங்குக்கு, அதாவது விடியற்காலைத் தொழுகை அழைப்புக்கு, முன் நிறுத்திவிட வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். லேபிளில் "விடிய" என்று இருப்பது அந்தக் கடைசிப் பகுதியாக இருக்கலாம்.

ரொறன்ரோத் திருமலையான்:

நான் இங்கே பழைய நாடாக்களை டிஜிற்றலுக்கு மாற்றுகிற வேலை செய்கிறேன். வேகம் பற்றிய கேள்விக்குப் பதில் தருகிறேன்.

பதியும்போது றெக்கோடர் மெதுவாக ஓடியிருந்தால், இப்போது சரியான வேகத்தில் போடும்போது பாட்டு வேகமாகவும் உயர்ந்த சுருதியிலும் கேட்கும். காரணம் இரண்டில் ஒன்று. கசற்றின் தொடக்கத்தில் ஓரளவு சரியாக இருந்து போகப் போக வேகம் கூடினால், பதிந்த றெக்கோடரின் பற்றரி இறங்கியிருக்கிறது. முழுக்க ஒரே அளவு வேகம் என்றால், ஜெனரேற்றர்தான். பெரிய ரேப் றெக்கோடர்களில் பலவற்றின் மோட்டார் மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் அலையை வைத்து ஓடுவது. ஜெனரேற்றர் பாரம் தாங்காமல் 48க்கு இறங்கினால் நாடாவும் அதே அளவு மெதுவாக ஓடும். பிறகு வீட்டு மின்சாரத்தில் போட்டால் அரைச்சுரத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சுருதி ஏறி நிற்கும். உங்களுடைய "இரண்டாம் கொப்பி" றீலில் இருந்து கசற்றுக்கு எடுத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பின்னணியில் மின்சாரத்தால் உறுமிக் கேட்கும் ஹம் சத்தத்தை வைத்து வேகத்தைத் திருத்த நினைக்காதீர்கள். றெக்கோடரும் ஸ்பீக்கரும் ஒரே ஜெனரேற்றரில் ஓடியிருந்தால் அந்த ஹம்மும் சேர்ந்தே ஏறிச் சரியாக 50 ஆகக் காட்டி ஏமாற்றும். ஹார்மோனியம் வரும் பாட்டைத் தேடுங்கள். அதன் சுருதி ஜெனரேற்றரோடு மாறாது. அதை வைத்துக் கணினியில் வேகத்தைச் சரிசெய்யலாம். அசல் கோப்பை மட்டும் தொடாமல் வையுங்கள்.

அதற்கு முதல்: கசற்றின் முதுகில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்ரிக் தட்டுகளையும் உடைத்துவிடுங்கள், தவறுதலாகக் கூட மேலே பதியாது. பூஞ்சணம் பிடித்ததை இப்போதைக்குப் போடவே வேண்டாம், தனியாக ஒரு பையில் வையுங்கள், மற்றதுக்கும் பரவும். மற்றவற்றுக்கு ஒவ்வொரு கசற்றுக்குப் பிறகும் டெக்கின் ஹெட்டை ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடையுங்கள். சத்தம் மங்கலாக இருந்தால் ஹெட்டுக்குப் பக்கத்தில் உள்ள சின்னத் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, உயர் ஒலி தெளியும் இடத்தில் நிறுத்துங்கள். 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸ் வேவ் கோப்பாக, இரண்டு பக்கமும் முழுதாக, ஒரு விநாடிகூட வெட்டாமல் எடுங்கள்.

உப்புவெளிப்பிள்ளை:

எல்லோருக்கும் பெரிய நன்றி. ஸ்ரூடியோக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மனேஜர் ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கம்பி அவித்த கதை வந்ததும் அம்மா சிரித்தா. பெரியம்மாவின் பால் சட்டியில் அவித்து வீட்டில் பெரிய சண்டையாம்.

"மூதூர் விடிய" கசற்றில் பூஞ்சணம் இல்லை, கொஞ்சம் போட்டுக் கேட்டேன். பாதைச் சத்தம் இல்லை, கிண்ணியா அண்ணா, மன்னிக்கவும். ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஒருவர் மைக்கில் "பேஸ் தம்பி, நித்திரையா?" என்று கேட்கிறார், சனம் சிரிக்கிறது. அது பெரியப்பாவாகத்தான் இருக்க வேண்டும். போகப் போக வேகம் கூடுகிறது, ஆகவே பற்றரி.

பழைய மனேஜர்:

பிள்ளை, அப்படியென்றால் அந்தப் பக்கத்தை முதலில் மாற்றுங்கள். அறிவிப்பில் வரும் பெயர்களையும் கேட்கிற பாட்டுகளின் முதல் வரிகளையும் ஒரு கொப்பியில் நேரத்தோடு எழுதுங்கள். எழுதியதைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், எந்த ஊர், எந்தக் கோயில் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மூதூர் மேடைகளில் எங்களுக்கு அறிவிப்புச் செய்த ஒருவர் இன்னும் பாலையூற்றில் இருக்கிறார், குரலைக் கேட்டால் அவரும் ஆள் யாரென்று சொல்லுவார். பூஞ்சணம் பிடித்தவற்றை ரொறன்ரோத் தம்பி சொன்ன மாதிரித் தொடாமல் வையுங்கள். அவர் ஊருக்கு வரும்போது பார்க்கச் சொல்லுவோம்.