எம்ஆர்எஸ்ஏ வகைப்படுத்த பழைய ஜெல் போதாதா?

தேக்கா_குமரன்:
ஒரே வார்டில் மூன்று பேருக்கு எம்ஆர்எஸ்ஏ (மெதிசிலின் மருந்துக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி) வந்தால், ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியதா என்று பார்க்க உடனே கிருமியின் முழு மரபணுத் தொகுப்பையும் படிக்கச் சொல்கிறார்கள். பிஎஃப்ஜிஇ என்ற பழைய ஜெல் சோதனை எதற்கு இருக்கிறது? கிருமியை அகரோஸ் கட்டியில் பதித்து உடைத்து, டிஎன்ஏவை நொதியால் வெட்டி, மின்புலத்தின் திசையை மாற்றி மாற்றி ஓடவிட்டால் பட்டைகள் பிரிந்து நிற்கும். 1995-இல் வந்த டெனோவர் அளவுகோல்படி 7 பட்டையோ அதற்கு மேலோ மாறினால் வேறு கிருமி. கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஈசூன்_மலர்:
அண்ணே, இங்கே சிங்கப்பூரில் முன்பு எம்ஆர்எஸ்ஏவில் எஸ்டி239 என்ற வகைதான் கோலோச்சியது. 2000-க்குப் பிறகு, பிரிட்டனில் பரவிய எஸ்டி22 வந்து அதன் இடத்தைப் பிடித்தது. ஊர் முழுக்க ஒரே வகை உலவும்போது எல்லாருடைய பட்டைகளும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் தெரியும். பக்கத்துப் படுக்கையிலிருந்து தொற்றியதா, வீட்டிலிருந்தே வந்ததா என்று ஜெல் சொல்லாது. முழு மரபணு வரிசை இருந்தால் டிஎன்ஏவை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடலாம்.

தேக்கா_குமரன்:
ஒப்பிடலாம், சரி. எத்தனை எழுத்து மாறினால் வேறு கிருமி? எல்லாக் கிருமிக்கும் பொருந்தும் கோடு ஒன்றும் கிடையாதே. அந்தத் தரவைப் படித்துச் சொல்லத் தெரிந்த ஆளும் வேண்டும்.

வார்டு_தேவி:
முடிவு வரும்வரை நாங்கள் காத்திருப்பதில்லை. தனி அறை, கையுறை, அங்கி எல்லாம் அன்றைக்கே ஆரம்பித்துவிடும். ஆனாலும் முடிவு முக்கியம். ஒரு தாத்தாவின் மகள் என்னிடம் கேட்டார்: "எங்க அப்பாகிட்டேருந்துதான் பக்கத்துக்காரருக்குப் போச்சா?" பட்டை ஒன்றாக இருக்கிறது என்பதற்காக அவரிடம் ஆமாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஈசூன்_மலர்:
அதேதான் அக்கா. கார்பபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் மருந்துக்கு அடங்காத கிருமிகளில் இன்னும் சிக்கல். அந்த மருந்தை முறியடிக்கும் கேபிசி, என்டிஎம் மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட்டில், அதாவது கிருமிக்குக் கிருமி தாவக்கூடிய தனி டிஎன்ஏ துண்டில், இருக்கும். அந்த பிளாஸ்மிட் கிளெப்சியெல்லாவிலிருந்து ஈ.கோலைக்குத் தாவினால், ஜெல் இரண்டையும் சம்பந்தமே இல்லாதவை என்றுதான் காட்டும். பரவியதோ ஒரே பிளாஸ்மிட். துண்டு துண்டாகப் படிக்கும் வரிசையாக்கத்திலும் பிளாஸ்மிட் பல இடங்களில் உடைந்துபோகும். நீளமாகப் படிக்கும் நானோபோர் மாதிரி முறை வேண்டும்.

தேக்கா_குமரன்:
பிளாஸ்மிட் விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. எம்ஆர்எஸ்ஏவுக்கு மட்டும் சொல்கிறேன்: ஜெல் வேண்டாம் என்றால் முதலில் வகை பிரிக்க உதவும் ஸ்பா மரபணு ஒன்றை மட்டும் படியுங்கள். அது ஒத்துப்போனவற்றை மட்டும் முழு வரிசைக்கு அனுப்புங்கள்.

ஈசூன்_மலர்:
எஸ்டி22-இல் ஸ்பா பார்த்தால் டி032 என்ற ஸ்பா வகைதான் திரும்பத் திரும்ப வரும் அண்ணே. சல்லடை போட்டும் பெரும்பாலானவை முழு வரிசைக்கே வந்து நிற்கும். நடுவில் போன நாள்தான் நஷ்டம்.